தண்ணீரும் காற்றும் பார்த்துப் பறவைக்குப் போவது: குமரி மாவட்டத்துக்கு ஒரு கையேடு

குமரி மாவட்டத்தில் எந்தப் பறவை எங்கே நிற்கும் என்பதைத் தண்ணீர்தான் முடிவு செய்கிறது. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை, அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை என்று இரண்டும் விழுகிற மாவட்டம் இது. அதனால் குளம் பெருகுவதும் இறங்குவதும் வருடத்துக்கு ஒருமுறை நடக்கிற காரியமில்லை. நவம்பரில் தேரூர்க் குளம் கரை தொட நிற்கும்போது நடுவே நாமக்கோழியும் நீர்க்காகமும் முக்குளிப்பானும்தான் கண்ணில் படும். அதே குளம் இறங்கிச் சேற்று விளிம்பு தெரிந்ததும் உள்ளான்களும் நாரைகளும் அங்கே வந்து சேரும். போன மாதம் இன்னொருவர் எடுத்த படத்தை நம்பி இந்த மாதம் போகிறவர்கள் வெறுங்கையோடு திரும்புவது இதனால்தான்.

ஆழத்தை இப்படிக் கணக்கிட்டுக்கொள்ளுங்கள். விரல் நனைகிற அளவு, அதாவது ஐந்து செ.மீ.க்குள் இருந்தால் உப்புக்கொத்திகளும் சிறு உள்ளான்களும். பத்து முதல் இருபது செ.மீ. வரை நெடுங்கால் உள்ளான், பச்சைக்காலி, அரிவாள் மூக்கன். முழங்கால் அளவுக்கு வந்தால் மஞ்சள்மூக்கு நாரை, பெரிய கொக்கு, வாலைத் தூக்கித் தலையைக் கவிழ்த்து மேயும் வாத்துகள். அதற்கும் மேலே என்றால் முங்குகிற பறவைகள்தான். பறவையின் கால் நீளத்தையும் மூக்கு நீளத்தையும் பார்த்தாலே அதற்கு எவ்வளவு தண்ணீர் வேண்டும் என்று தெரிந்துவிடும். நீலச்சிறகி போன்ற வாத்துகளுக்கு ஒரு விதிவிலக்கு உண்டு. பகலில் அவை ஆழமான நடுத்தண்ணீரில் கூட்டமாக உறங்கிக் கிடக்கும், மேய்ச்சலுக்கு இரவில் கிளம்பும். பகலெல்லாம் காத்திருந்தாலும் அசையாத வாத்துகளின் படம்தான் கிடைக்கும். விடியுமுன் வந்து, அவை திரும்பி இறங்குவதைப் பிடிக்க வேண்டும்.

குளத்தில் தாமரை எவ்வளவு மூடியிருக்கிறது என்பதையும் பாருங்கள். தாமரை மண்டிய குளம் இலைக்கோழிக்கும் நீலத் தாழைக்கோழிக்கும் நல்லது. வாத்துகளுக்கு அது ஆகாது, அவை திறந்த தண்ணீரைத் தேடிப் போய்விடும். பூப்பறிக்க ஆள் இறங்கிய பிறகு கரையோரப் பறவைகள் எல்லாம் எதிர்க்கரைக்கு நகரும். அது அவர்கள் பிழைப்பு. பறவை போய்விட்டதே என்று அவர்களிடம் முகம் சுளிக்க வேண்டாம், நீங்கள்தான் முந்தி வர வேண்டும்.

சுசீந்திரம்–தேரூர் குளங்களும் வேம்பனூர்க் குளமும் 2022-இல் உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தன. முதலாவது சுமார் 94 எக்டேர், வேம்பனூர் 20 எக்டேருக்குச் சற்றுக் குறைவு. நீண்ட லென்ஸ் இல்லாதவர்கள் வேம்பனூரில் தொடங்கலாம். சிறிய குளத்தில் பறவைக்கும் உங்களுக்கும் இடையே உள்ள தூரமும் குறைவு.

வருடம் எப்படிப் போகிறது

ஆகஸ்ட் கடைசியிலேயே கடற்கரையில் உப்புக்கொத்திகள் வந்துவிடும். செப்டம்பரில் கம்பிகளில் தகைவிலான்கள் வரிசை கட்டும். இந்த நாட்களில்தான் மாவட்டத்தின் மிக நல்ல வாய்ப்பு ஒன்று வருகிறது, பலர் அதைத் தவறவிடுகிறார்கள். கன்னிப்பூ (முதல் போக நெல்) அறுவடை முடிந்து கும்பப்பூவுக்கு (இரண்டாம் போகம்) வயலை உழுகிற பத்துப் பதினைந்து நாட்கள் அவை. டிராக்டர் சேறடிக்கும்போது புழுவும் தவளையும் நத்தையும் மேலே வரும். பின்னாலேயே உண்ணிக்கொக்கு, அரிவாள் மூக்கன், நத்தை குத்தி நாரை, மஞ்சள் வாலாட்டி எல்லாம் ஓடும். மேலே மீசை ஆலா சுற்றும். டிராக்டருக்குப் பழகிய பறவை, வரப்பில் உட்கார்ந்திருக்கும் ஆளை அவ்வளவாகக் கண்டுகொள்ளாது. வண்டி திரும்புகிற முனையில், வெயில் முதுகில் படும்படி வரப்பிலேயே உட்காருங்கள். ஒவ்வொரு சுற்றிலும் கூட்டம் உங்கள் முன்னால் வந்து போகும். எழுந்து நின்றால் மட்டும் விலகும். வயலுக்குச் சொந்தக்காரரிடமும் வண்டி ஓட்டுகிறவரிடமும் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

நடவு முடிந்து பயிர் ஒரு முழம் வளர்ந்ததும் வயலில் பார்க்க அதிகம் இல்லை. நவம்பர், டிசம்பரில் குளம்தான். ஊசிவால் வாத்து, நீலச்சிறகி, தட்டைவாயன் வருகிற காலம். மழை விட்ட மறுநாள் காலை வானம் கழுவியதுபோல் இருக்கும், அந்த வெளிச்சத்துக்கு ஈடு கிடையாது. ஜனவரியில் பொங்கலை ஒட்டித் தமிழ்நாடு முழுக்கப் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கிறது. புதிதாகத் தொடங்குகிறவர்கள் அந்த நாட்களில் தெரிந்தவர்களோடு குளத்துக்குப் போனால் ஒரே காலையில் முப்பது பெயர் கற்றுக்கொள்ளலாம்.

பிப்ரவரி, மார்ச்சில் குளம் இறங்க இறங்கக் கூட்டம் அடர்த்தியாகும். கிளம்பப்போகிற உள்ளான்கள் சில இனப்பெருக்கக் கால நிறத்துக்கு மாறத் தொடங்குவதும் இப்போதுதான். டிசம்பரில் சாம்பலாக இருந்த உப்புக்கொத்தியின் மார்பில் செங்கல் நிறம் ஏறியிருக்கும். ஏப்ரல் கடைசிக்குள் வலசைப் பறவைகள் பெரும்பாலும் போய்விடும். ஆனி, ஆடியில் காற்று பலமாக அடிக்கிற நாட்களில் நடுக்கடல் பறவைகள் சில கரைப்பக்கம் தள்ளப்பட்டு வருவதுண்டு. அந்த நாட்களில் கடற்கரையில் சோர்ந்து கிடக்கும் பறவையைக் கண்டால் படத்துக்காகக் கிட்டே போக வேண்டாம். நாயும் காக்கையும் வராமல் பார்த்துக்கொண்டு வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

காற்று எந்தப் பக்கம்

வெயில் முதுகில் பட நிற்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். காற்றை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. பறவை காற்றை எதிர்த்துத்தான் எழும்பும், காற்றை எதிர்த்துத்தான் இறங்கும். ஆரல்வாய்மொழிக் கணவாய் இருக்கிற மாவட்டத்தில் இதை மறந்தால் நினைவட்டை முழுக்க வால்பக்கப் படங்கள்தான் நிறையும்.

ஜூன் முதல் செப்டம்பர் வரை காற்று மேற்கிலிருந்து வரும். காலையில் வெயிலுக்கு முதுகு காட்டி நின்றால் காற்று உங்கள் முகத்தில் அடிக்கும். அப்படியென்றால் பறவையும் மேற்கு நோக்கித்தான் எழும்பும், உங்களை விட்டு விலகித்தான் போகும். அதே காற்றில் மாலை நாலரைக்குமேல் மேற்குக் கரைக்கு மாறுங்கள். வெயிலும் முதுகில், காற்றும் முதுகில். எழும்புகிற பறவை உங்கள் முகத்துக்கு நேராக வரும். நவம்பர் முதல் பிப்ரவரி வரை காற்று பெரும்பாலும் வடகிழக்கு, அப்போது காலைதான் பறக்கும் படத்துக்கு நேரம், கிழக்குக் கரையில் நில்லுங்கள். கரைக்குப் போனதும் கொஞ்சம் காய்ந்த புல்லைக் கிள்ளித் தோள் உயரத்திலிருந்து விட்டுப் பாருங்கள். அது போகிற திசைக்கு நேர் எதிரே பறவையின் மூக்கு இருக்கும்.

குமரியில் சூரிய உதயம் ஜூனில் ஏறக்குறைய 6 மணி, ஜனவரியில் 6.40-ஐ ஒட்டி வரும். உதயத்துக்கு அரைமணி நேரம் முன்னாலேயே கரையில் உட்கார்ந்துவிட வேண்டும். வெளிச்சம் வந்தபின் நடந்து வருகிற ஆளைப் பறவை தொலைவிலேயே பார்த்துவிடும். இருட்டிலேயே வந்து அமர்ந்தவர் அதற்குக் கரையின் ஒரு பகுதிதான்.

கருவியும் கணக்கும்

பார்ப்பதற்கு 8×42 இருநோக்கி போதும். 10 மடங்குக்குப் போனால் கை நடுக்கமும் கூடும், பார்வைப் பரப்பும் சுருங்கும். கேமராவைப் பற்றி முடிவெடுக்குமுன் ஒரு கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஏபிஎஸ்-சி சென்சாரில் (முழுச்சட்ட சென்சாரைவிடச் சிறியது) 400 மி.மீ. லென்ஸ் வைத்து 20 மீட்டரில் நிற்கும் 20 செ.மீ. உள்ளானை எடுத்தால், படத்தின் உயரத்தில் கால் பங்குக்குச் சற்று மேல்தான் அது வரும். 600 மி.மீ. போட்டால் ஐந்தில் இரண்டு பங்கு. ஆனால் அதே 400-ஐ வைத்துக்கொண்டு 10 மீட்டருக்குப் போக முடிந்தால் பாதிக்கு மேல் வந்துவிடும். லென்ஸுக்குக் கொட்டுகிற பணத்தில் பெரும்பகுதியைப் பொறுமையால் ஈடுகட்டலாம். நிகான் பி950 போன்ற நீள் ஜூம் கேமரா அடையாளம் காண்பதற்குத் தாராளமாகப் போதும். நல்ல வெயிலில் படமும் நன்றாகவே வரும், இருண்ட காட்டில்தான் திணறும்.

ஷட்டர் வேகம், நின்றிருக்கும் பறவைக்கு 1/500 முதல் 1/800 நொடி. பறக்கும் கூழைக்கடா, நாரைக்கு 1/1600. ஆலா, தகைவிலான், பஞ்சுருட்டானுக்கு 1/3200-க்குக் குறையாமல். அபெர்ச்சர் எஃப் 6.3 அல்லது 7.1. ஐ.எஸ்.ஓ.வை (சென்சாரின் ஒளியுணர்வு அளவு) தானியங்கியில் விட்டு, மேல்வரம்பு 3200 என்று வையுங்கள், புதிய கேமராவென்றால் 6400. ஷட்டரைக் குறைத்து ஐ.எஸ்.ஓ.வை மிச்சம் பிடிப்பதுதான் தொடக்கத்தில் எல்லோரும் செய்கிற பிழை. புள்ளி புள்ளியாய் வந்த படத்தைச் சரிசெய்ய மென்பொருள் இருக்கிறது. ஆடிப்போன படத்துக்கு மருந்தே கிடையாது.

வெளிச்சத் திருத்தத்தில்தான் (எக்ஸ்போஷர் காம்பன்சேஷன்) பெரும்பாலான படங்கள் கெடுகின்றன. காலை எட்டு மணி வெயிலில் கரும்பச்சைத் தாமரை இலைகளுக்கு நடுவே ஒரு வெள்ளைக் கொக்கு நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். படத்தில் முக்கால்வாசி இருட்டு என்பதால் கேமரா மொத்தத்தையும் வெளுக்க வைக்கும், கொக்கு சுண்ணாம்புச் சுவர் மாதிரி ஆகிவிடும். −1 வையுங்கள். திரையில் படத்தைப் பெரிதாக்கி முதுகைப் பாருங்கள். இறகுக்கும் இறகுக்கும் இடையே மெல்லிய சாம்பல் கோடு தெரிந்தால் சரி. தெரியாவிட்டால் இன்னும் ⅓ இறக்குங்கள். அதிவெளிச்ச எச்சரிக்கையை எப்போதும் இயக்கத்தில் வைத்திருந்தால் வெளுத்த இடம் மினுக்கிக் காட்டும். இதற்கு நேர் எதிர், பளபளக்கும் தண்ணீரில் கறுத்த நாமக்கோழி: +0.7. வெளிர்வானத்தில் பறக்கும் செம்பருந்துக்கு +1 முதல் +1.7 வரை. கொக்கை எடுத்துவிட்டுத் திருத்தத்தைப் பழைய நிலைக்குக் கொண்டுவராமல் அப்படியே வானத்தை நோக்கினால் பருந்து கரித்துண்டாக வரும். இது அடிக்கடி நடக்கும்.

உப்பளமும் பொழியும்

புத்தளம், சாமிதோப்புப் பக்கத்து உப்பளங்களில் எல்லாப் பாத்திகளிலும் பறவை இருக்காது. கடல் அல்லது காயல் தண்ணீரை முதலில் தேக்குகிற அகலமான பகுதியில்தான் மீன்குஞ்சும் புழுவும் உண்டு, அங்கேதான் கூட்டம். உப்பு விளைகிற கடைசிப் பாத்திகளில் ஒன்றிரண்டு உப்புக்கொத்தி ஓடினால் உண்டு. அளத்துக்காரரிடம் அனுமதி வாங்குங்கள். புதிதாக மண் பூசிய வரப்பில் கால் வைக்காதீர்கள், ஒரு மிதியில் ஒருநாள் வேலை போய்விடும்.

அளத்தில் பெரிய எதிரி கானல். காலை ஒன்பதுக்குமேல் வெண்மண் சூடேறி, தரையை ஒட்டிக் காற்று அலையலையாய் நெளியும். குவியம் சரியாக இருந்தும் படம் எண்ணெய்த் தாள் வழியாகப் பார்த்தது போலிருக்கும். லென்ஸ் பழுது என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். இதை எந்த விலை லென்ஸாலும் தீர்க்க முடியாது. எட்டரைக்குள் முடித்துக்கொள்ளுங்கள், அல்லது 15 மீட்டருக்குள் வரும் பறவையை மட்டும் எடுங்கள். தூரம் கூடக் கூடத்தான் நெளிவும் கூடும்.

மணக்குடியில் பழையாறு கடலைச் சேருமிடத்தில் அலையேற்றம் ஒரு மீட்டருக்கும் குறைவு. ஆகவே ஏற்ற வற்றத்தைவிடப் பொழி, அதாவது ஆறு கடலில் சேரும் வாய், திறந்திருக்கிறதா அடைத்திருக்கிறதா என்பதுதான் முக்கியம். மழையில்லாத மாதங்களில் மணல் திட்டு வாயை அடைத்துவிடும், உள்ளே தண்ணீர் உயர்ந்து சேற்றுத் திட்டுகள் மூழ்கிப்போகும். மணல் திட்டு உடைந்து பொழி முறிந்ததும் சில மணி நேரத்தில் தண்ணீர் இறங்கும். அந்த இரண்டு மூன்று நாட்களில் வெளிப்படும் சேற்றில் பச்சைக்காலி, பவளக்காலி, கோட்டான் (ஆந்தையல்ல, வளைந்த நீண்ட மூக்குள்ள கரைப்பறவை) எல்லாம் ஒன்றாக மேயும். பக்கத்துக் கரையில் இருக்கும் மீனவரிடம் கேட்டால் பொழியின் நிலையைத் துல்லியமாகச் சொல்வார். மணல் திட்டில் ஆலாக்கள் கூட்டமாக உட்கார்ந்திருந்தால் நேராக நடக்காதீர்கள். சாய்வாக, அவற்றைப் பார்க்காததுபோல், பத்தடிக்கு ஒருமுறை நின்று போங்கள். மேய்ச்சலை நிறுத்துவது, கழுத்தை நீட்டுவது, ஒரே பக்கம் முகம் திருப்புவது, எச்சமிடுவது எல்லாம் பறக்கப்போவதன் அடையாளம். கழுத்து நீண்டதுமே நில்லுங்கள். பல நூறு மைல் பறந்து வந்தவை அவை, ஒவ்வொரு முறை கிளப்பிவிடும்போதும் தின்று சேர்த்த கொழுப்பு கரைகிறது.

இரண்டு பறவைகள், கிட்டத்தில்

ஆறுமணிக்குருவிக்காகக் காட்டுக்குப் போக வேண்டியதில்லை. அக்டோபர் கடைசி முதல் ஏப்ரல் வரை, சருகு கூட்டாத எந்த விளையிலும் (மரத்தோட்டம்) அது இருக்கலாம். பலாவும் மாவும் அடர்ந்து, கீழே சருகு ஒரு சாண் கிடக்கும் நிழலான மூலை அதற்குப் பிடிக்கும். விடியலிலும் மாலை ஆறு மணியை ஒட்டியும் இரட்டைச் சீழ்க்கை கேட்கும், பெயரே அதனால்தான். சத்தம் வந்த இடத்தைக் குறித்துக்கொண்டு மறுநாள் காலை ஆறே காலுக்கு அங்கிருந்து எட்டு மீட்டரில் தரையிலேயே உட்காருங்கள். சருகு புரளும் சத்தம்தான் முதலில் வரும். இரண்டு மூன்று தத்தல், நிற்கும், மூக்கால் சருகைப் புரட்டும், மறுபடி தத்தும். நிற்கிற அந்த ஒரு நொடியில்தான் படம். நிழலில் 1/200 நொடி போதும், ஐந்தாறு படமாகத் தொடர்ந்து எடுத்தால் ஒன்றாவது அசையாமல் கிடைக்கும். குவியப்புள்ளி ஒன்றே ஒன்று இருக்கட்டும், பரந்த குவியம் முன்னால் நிற்கும் புல்லைப் பிடித்துக்கொள்ளும். கைப்பேசியில் அதன் குரலை ஒலிக்கவிட்டு அழைக்காதீர்கள். எதிரி வந்துவிட்டதென்று நினைத்து மேய்வதை விட்டுவிட்டு விரட்டத் தேடும், சில நாளில் அந்த இடத்தையே விட்டுப் போய்விடலாம்.

நீளவால் இலைக்கோழியைக் குளிர்காலத்தில் பார்த்தவர்கள் மழைக்காலத்தில் அதை வேறு பறவை என்றே நினைப்பார்கள். டிசம்பரில் மேலே பழுப்பு, கீழே வெள்ளை, மார்பில் ஒரு கறுப்புப் பட்டை, குட்டை வால். ஜூன், ஜூலையில் உடல் கறுத்து, பிடரி பொன்னிறமாகி, அரிவாள்போல் வளைந்த நீண்ட வால் வந்துவிடும். தாமரை இலைமேல் நாலு முட்டை, பளபளப்பான பழுப்பு நிறம். அடைகாப்பது ஆண். பெண் முட்டையிட்டுவிட்டு அடுத்த ஆணிடம் போய்விடும், அதனால் இந்த ஆண் எழுந்து போனால் பார்த்துக்கொள்ள வேறு ஆள் இல்லை. நீங்கள் கிட்டே போய் அது எழுந்துவிட்டால் முட்டை வெயிலில் வேகும், மேலே காக்கை சுற்றிக்கொண்டேயிருக்கும். ஒரே இலைப்பக்கத்தில் ஒரு பறவை வெகுநேரம் அமர்ந்திருந்தால் கூடு என்று கொள்ளுங்கள். கரையிலிருந்து மட்டும் எடுங்கள், பத்து நிமிடத்துக்குமேல் நிற்காதீர்கள், படத்தைப் பகிரும்போது குளத்தின் பெயரைச் சொல்லாதீர்கள்.

காட்டுப்பக்கம்

கீரிப்பாறை, காளிகேசம், பேச்சிப்பாறைப் பக்கம் போகும்போது சாலையோரமும் ரப்பர் தோட்ட விளிம்பும் மட்டும்தான் உங்கள் எல்லை. அதற்குமேல் வனத்துறை அனுமதி வேண்டும், யானை நடமாட்டமும் உண்டு. காட்டில் வெளிச்சம் கிடையாது, தேடி நடப்பதால் பலனும் குறைவு. பழுத்த அத்தி மரம் ஒன்றைக் கண்டுபிடித்துத் தள்ளி உட்கார்ந்தால் மலபார் சாம்பல் இருவாட்சியும் மரகதப்புறாவும் தாமாகவே வரும். உயரமான சோலைகளில் அசம்பு மலையின் பெயரையே கொண்ட அசம்பு சோலைக்கிளி இருக்கிறது. கிளியல்ல, நீலநிறச் சிறு பாட்டுப்பறவை. 2017-இல்தான் தனி இனமாக விவரிக்கப்பட்டது. அதற்குப் பழக்கமுள்ள வழிகாட்டியும் அனுமதியும் இல்லாமல் போக வேண்டாம்.

திரும்பி வந்த பிறகு

கடற்கரையிலோ அளத்திலோ இருந்து வந்ததும் கேமராவை உலர்ந்த துணியால் தேய்க்காதீர்கள், உப்புத் துகள் கண்ணாடியைக் கீறும். முதலில் காற்றூதியால் ஊதி, நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் ஒற்றியெடுத்து, அதன்பிறகு உலர்ந்த துணி. குளிரூட்டிய அறையிலிருந்து வெளியே கொண்டுபோகும்போது பையை மூடியபடியே அரைமணி நேரம் விடுங்கள், இல்லையென்றால் லென்ஸ் வியர்த்துப்போகும். ஜூன் முதல் டிசம்பர் வரை பூஞ்சைதான் கவலை. தோல் பையில் வைத்தால் நிச்சயம் பிடிக்கும். காற்றுப்புகாத பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு, சிறிய ஈரமானியும் வையுங்கள். ஈரப்பதம் 40-லிருந்து 50 சதவீதத்துக்குள் நிற்க வேண்டும். ஜெல்லின் நிறம் மாறியதும் வாணலியில் மிதமான சூட்டில் வறுத்து மறுபடி போடலாம், அந்த வாணலியில் பிறகு சமைக்கக் கூடாது.

அடையாளம் தெரியாத உள்ளான் என்றால் அழகான ஒரு படத்தைவிட, மூன்று சாதாரணப் படங்கள் உதவும்: மூக்கு முழுசாகத் தெரியும் பக்கவாட்டுப் படம், காலின் நிறம் தெரிவது, பறக்கும்போது முதுகும் இறக்கையும் தெரிவது. பச்சைக்காலியின் மூக்கு தடித்து லேசாக மேல்நோக்கி வளையும், சின்னப் பச்சைக்காலியின் மூக்கு ஊசிபோல் நேராக இருக்கும். பொரி உள்ளான் பறந்தால் பிட்டத்தில் வெள்ளைத் திட்டு. சாதா உள்ளான் வாலை ஓயாமல் ஆட்டும், மார்பின் வெள்ளை தோள்வரை ஏறியிருக்கும்.

அன்றைக்கே பறவைகளைப் பதிவு செய்யும் ஈபேர்ட் செயலியில் பட்டியலைப் போட்டுவிடுங்கள். கூடவே ஒரு நோட்டில் தேதி, நேரம், காற்றின் திசை, மடைக்கல்லில் தண்ணீர் எந்தப் படிவரை நிற்கிறது என்ற நான்கையும் எழுதி வையுங்கள். அடுத்த வருடம் தண்ணீர் அதே படிக்கு வரும் வாரத்தில் அதே கரைக்குப் போகலாம்.